‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2015’: ஒரு வாக்கியத்தின் நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தில் புதிதாகக் குடியேறிய ஒருவர் அந்தப் பகுதி மருத்துவரிடம் முதன்முறையாகப் பெயர் பதியப் போகிறார். வழக்கமான கேள்விகள்தான்: சர்க்கரை உண்டா, ஒவ்வாமை உண்டா, அறுவை சிகிச்சை ஏதும் நடந்ததா. நடுவில் ஒரு கேள்வி: “ஹேவ் யூ எவர் பாஸ்ட் அவுட்?” வந்தவர் தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர். தயங்காமல் பதில் சொல்கிறார்: “யெஸ், ஃப்ரம் காலேஜ், இன் 2015.”

மருத்துவரின் குறிப்பில் ஏறுவது: 2015இல், கல்லூரிக் காலத்தில், ஒருமுறை நினைவிழந்திருக்கிறார்.

இந்தக் காட்சி ஆய்வுக்காக அமைத்துக்கொண்டது. ஆனால் அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் அந்தந்த ஊரில் அன்றாடம் காதில் விழுபவை. விளைவும் வெறும் சங்கடத்தோடு நிற்காது. நினைவிழந்த வரலாறு இருந்தால் இசிஜி எடுத்துப் பார்ப்பது மருத்துவ வழக்கம். கார் ஓட்டுபவர் என்றால், ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்ற பேச்சும் பிரிட்டனில் எழும். பட்டம் வாங்கியதைச் சொன்னவரின் கோப்பில் ஒரு நோய்க்குறி உட்கார்ந்துவிடுகிறது.

இருவருக்கும் ஆங்கிலம் நன்றாகத் தெரியும். இருவருமே தம் ஊர் வழக்கப்படி சரியாகத்தான் பேசினார்கள். எந்த இடத்தில் பாதை பிரிந்தது என்று பார்க்க ‘பாஸ்’, ‘அவுட்’ இரண்டையும் தனித்தனியே பிரித்துப் போட வேண்டும். பிறகு அவற்றைச் சுற்றி நிற்கும் சின்னச் சொற்களைப் பார்க்க வேண்டும். சிக்கலின் பெரும்பகுதி இந்தச் சின்னச் சொற்களில்தான் இருக்கிறது.

ஒரே வடிவம், பல பொருள்

உலக ஆங்கிலத்தில் இன்று முன்னால் நிற்கும் பொருள் நினைவிழத்தல். அமெரிக்கப் பேச்சில் 20ஆம் நூற்றாண்டில் பரவி, பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா என எங்கும் இது நிலைத்துவிட்டது. வெயிலில் நின்று மயக்கம் போட்டு விழுவது, வலி தாங்காமல் நினைவு தப்புவது, குடித்துவிட்டு அப்படியே கிடப்பது, அசதியில் போட்ட சட்டையோடு தூங்கிப்போவது எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான்.

இரண்டாவது பொருள் பகிர்ந்து கொடுத்தல். வகுப்பில் கேள்வித்தாளை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போவது, தெருமுனையில் துண்டறிக்கை தருவது. இது அமெரிக்காவில் அதிகம். பிரிட்டனில் இதே வேலைக்கு ‘ஹேண்ட் அவுட்’, ‘கிவ் அவுட்’ என்பார்கள்.

மூன்றாவது, ராணுவம், காவல்துறை, தீயணைப்பு போன்றவற்றில் பயிற்சியை முடித்து வெளியேறுதல். இது பிரிட்டிஷ் வழக்கு. பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் நான்கு பேரும் ‘பாஸ்’ சொல்லிவிட்டால் அந்தக் கை ‘பாஸ்ட் அவுட்’ ஆகிவிடும் என்று நான்காவதாக ஒன்றும் உண்டு. சீட்டாடாதவர்கள் அதை விட்டுவிடலாம்.

இத்தனை பொருள் எப்படி வந்தது என்று கேட்டால், ‘அவுட்’ என்ற சிறு சொல்லுக்கே பல முகம் இருக்கிறது என்பதுதான் பதில். ‘த லைட் வென்ட் அவுட்’ என்றால் விளக்கு அணைந்தது; அங்கே ‘அவுட்’ அணைதலைக் காட்டுகிறது. ‘ஷி வாக்ட் அவுட்’ என்றால் வெளியே நடந்தாள். ‘கிவ் அவுட்’ என்னும்போது கையிலிருப்பது பலருக்கும் பரவுகிறது. நினைவிழத்தலில் இருப்பது முதல் முகம், பயிற்சி முடிப்பதில் இரண்டாவது, பகிர்ந்து கொடுப்பதில் மூன்றாவது. ஒரு சொல்லுக்கு நான்கு பொருள் என்று நெட்டுருப் போடுவதைவிட ‘அவுட்’டின் இந்த மூன்று முகத்தையும் பிடித்துக்கொள்வது மேல். ‘டை அவுட்’, ‘புட் அவுட்’, ‘டிராப் அவுட்’ போன்ற வேறு பல ஃப்ரேசல் வெர்ப்களும் (வினையும் ஒரு சிறு சொல்லும் சேர்ந்து ஒரு பொருள் தரும் தொடர்கள்) அதே கயிற்றில் கோத்துக்கொள்ளும்.

தமிழருக்கு இது புதிய வித்தை அல்ல. நம் ‘போ’வைப் பாருங்கள். ‘அணைந்துபோனது’, ‘தூங்கிப்போனான்’, ‘மயங்கிப்போனாள்’ என்கிறோம். யாரும் எங்கும் போகவில்லை. ‘போ’ தன் சொந்தப் பொருளைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு நிலை முழுதாக மாறிவிட்டதைக் காட்டும் துணைவினையாக நிற்கிறது. ‘பாஸ்’ஸுக்குப் பின்னால் ‘அவுட்’ செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். ‘தூங்கிப்போனான்’ என்பதைத் தூங்கிவிட்டு எங்கோ போனான் என்று பிரித்துப் புரிந்துகொள்ளும் வேற்றுமொழிக்காரர் எப்படித் தடுமாறுவாரோ, அப்படித்தான் நாமும் ‘பாஸ் அவுட்’டைத் தேர்வில் பாஸ் ஆகி வெளியே வருவது என்று பிரித்துப் படிக்கிறோம்.

பரங்கிமலை வழியே கல்லூரிக்கு

நம் வழக்கு வானத்திலிருந்து குதித்ததல்ல. பிரிட்டிஷ் ராணுவ ஆங்கிலத்தில் அதற்கு வேர் இருக்கிறது. டேராடூனில் 1932இல் தொடங்கிய இந்திய ராணுவ அகாடமியிலும், புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியிலும், 1963இல் தொடங்கிய சென்னைப் பரங்கிமலைப் பயிற்சி அகாடமியிலும் பயிற்சி முடியும் நாளில் நடப்பது ‘பாஸிங் அவுட் பரேட்’. தமிழ் நாளிதழ்கள் இதைப் பயிற்சி நிறைவு அணிவகுப்பு என்று எழுதுகின்றன. இலங்கையில் தியத்தலாவை ராணுவ அகாடமியிலும் இதே பெயர்தான். டேராடூனில் பயிற்சி பெற்றவர்கள் செட்வுட் கட்டடத்தின் படிகளில் மெதுநடையில் ஏறிக் கடந்து போவார்கள். அந்தக் கடைசி அடிக்கு ‘அந்திம் பக்’ என்று பெயர். அணிவகுத்துக் கடப்பதும் வெளியேறுவதும் அங்கே கண்ணெதிரே நடக்கிற செயல்கள்.

கடக்வாஸ்லாவில் இன்னொன்றையும் கவனிக்கலாம். அங்கே படிப்பவர்களுக்கு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பட்டம் வழங்குகிறது. பட்டமளிப்பு விழா வழக்கமாக அணிவகுப்புக்கு முந்தைய நாள் நடக்கும். ஆகவே ஒரே ஆள், ஒருநாள் ‘கிராஜுவேட்’ ஆகிறார், மறுநாள் ‘பாஸ் அவுட்’ ஆகிறார். பட்டம் பெறுவது ஒன்று, பயிற்சி முடித்துப் படையை நோக்கி வெளியேறுவது வேறொன்று. இரண்டுக்கும் பழைய பிரிட்டிஷ் வழக்கு வைத்திருக்கும் எல்லைக்கோடு அங்கே துல்லியமாகத் தெரிகிறது.

இந்திய ஆங்கிலத்தில் அந்தக் கோடு அழிந்துவிட்டது. கல்லூரி, பள்ளி, ஐடிஐ எல்லாவற்றிலிருந்தும் மாணவர்கள் ‘பாஸ் அவுட்’ ஆகிறார்கள். இப்படி விரிய நம் பேச்சில் இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. ‘பாஸா ஃபெயிலா’ என்பது ஆங்கிலம் தெரியாத பாட்டியும் கேட்கும் கேள்வி. ‘படிச்சு முடிச்சு வெளியே வந்தேன்’ என்பது நாம் இயல்பாகச் சொல்வது. பாஸ் ஒரு பக்கம், வெளியே இன்னொரு பக்கம். சேர்த்தால் ‘பாஸ் அவுட்’. படிப்பை நடுவில் விட்டவர் ‘டிராப் அவுட்’ என்றால், முடித்தவர் ‘பாஸ் அவுட்’ என்று இணையும் பொருந்திவிடுகிறது. விண்ணப்பப் படிவங்களில் ‘இயர் ஆஃப் பாஸிங்’ என்று ஒரு கட்டம் நிரந்தரமாக இருப்பதால் அச்சின் அங்கீகாரமும் கிடைத்துவிட்டது.

இதைப் பிழை என்று சொல்லி மாணவரைத் தலைகுனிய வைக்கும் ஆசிரியர்களோடு நமக்கு உடன்பாடில்லை. சென்னையிலிருந்து டெல்லி வரை கோடிக்கணக்கானோர் ஒரே பொருளில் சொல்லி, ஒரே பொருளில் புரிந்துகொள்ளும் சொல் அது. எல்லை தாண்டும்போதுதான் அதைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது.

‘ஃப்ரம்’ செய்யும் குழப்பம்

இப்போது மருத்துவர் காட்சிக்குத் திரும்பலாம். “யெஸ், ஃப்ரம் காலேஜ்” என்றபோதே மருத்துவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று தோன்றும். வராததற்குக் காரணம் இருக்கிறது. ‘பாஸ் அவுட்’டுக்குப் பின்னால் ‘ஃப்ரம்’ வந்தால், அவர் காதுக்கு அது மயங்கியதற்கான காரணத்தைச் சொல்லும் சொல். ‘ஹி பாஸ்ட் அவுட் ஃப்ரம் த ஹீட்’ என்றால் வெயிலால் மயங்கினார். ‘ஃப்ரம் ஹங்கர்’ என்றால் பசியால். ‘ஃப்ரம் த பெயின்’ என்றால் வலியால். அதே அச்சில் ‘ஃப்ரம் காலேஜ்’ வந்து விழுகிறது. கல்லூரி வேலைப்பளுவாலோ, கல்லூரிக் காலத்திலோ மயங்கியிருக்கிறார் போலும், ஆங்கிலம் சற்றுத் தடுமாறுகிறது என்று அவர் தாமே நிரப்பிக்கொள்வார். ஆண்டு ஒன்றும் கூடவே வந்ததால் அது ஒரு சம்பவம் என்பதும் அவருக்கு உறுதியாகிவிடும்.

நமக்கோ ‘ஃப்ரம்’ என்றால் ‘இலிருந்து’. தமிழில் இன்று இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு உருபு வைத்திருக்கிறோம்: வெயிலால் மயங்கினார், கல்லூரியிலிருந்து வெளியே வந்தார். ‘ஆல்’ வந்தால் காரணம், ‘இலிருந்து’ வந்தால் நீங்கல், கலப்பே இல்லை. ஆங்கிலம் இரண்டையும் ‘ஃப்ரம்’ தலையில் வைக்கிறது. பழைய இலக்கணத்தில் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது (காரணம்) என்று நான்கு பொருள் சொல்லப்படுகிறதே, அதில் நீங்கலும் ஏதுவும் ஒரே உருபில் குடியிருந்ததை நினைத்துக்கொண்டால் ‘ஃப்ரம்’மின் போக்கு பிடிபடும்.

ராணுவப் பொருளில் ‘பாஸ் அவுட் ஆஃப்’ என்றும் வரும், ‘பாஸ் அவுட் ஃப்ரம்’ என்றும் வரும். ஆனால் பின்னால் ஒரு அகாடமியின் பெயர் நிற்கும். அந்தப் பெயர்தான் கேட்பவரைச் சரியான பொருளுக்குக் கொண்டுபோகிறது. பின்னால் ‘காலேஜ்’ என்ற பொதுச் சொல் மட்டும் நின்றால் அந்த உதவி கிடைக்காது.

‘ஐ ஆம்’ என்று சேர்ந்தால் இன்னும் மோசம்

‘ஐ பாஸ்ட் அவுட்’ என்பதையாவது கேட்பவர் யோசித்துச் சரிசெய்துகொள்ள வாய்ப்பிருக்கிறது. ‘ஐ ஆம் பாஸ்ட் அவுட் இன் 2015’ என்பதற்கு அந்த வாய்ப்பும் குறைவு. வேலைத் தேர்வு மின்னஞ்சல்களில் இந்த வடிவம் மிகுதி. ‘ஹி இஸ் பாஸ்ட் அவுட் ஆன் த சோஃபா’ என்றால் இப்போது நினைவில்லாமல் சோஃபாவில் கிடக்கிறார் என்று பொருள். ‘பாஸ்ட் அவுட்’ இங்கே பெயரடை, இப்போதைய நிலையைச் சொல்வது. ஆக ‘ஐ ஆம் பாஸ்ட் அவுட்’ என்பது, நான் இந்தக் கணத்தில் நினைவிழந்து கிடக்கிறேன் என்று ஒருவர் எழுதுவது போலாகிறது.

இந்த ‘ஆம்’ எங்கிருந்து வந்தது? ‘நான் 2015 பாஸ் அவுட்’ என்று தமிழில் பெயர்ப் பயனிலையாகச் சொல்கிறோம். ‘நான் ஆசிரியர்’, ‘நான் மதுரை’ என்பது போல. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது, ‘ஐ ஆம் எ டீச்சர்’ மாதிரி நடுவில் ‘ஆம்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

‘ஐ ஹேவ் பாஸ்ட் அவுட் இன் 2015’ என்பதில் வேறொரு கோளாறு. தமிழில் ‘2015ல் முடித்திருக்கிறேன்’ என்றால் தவறில்லை. ஆங்கிலத்தில் முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் ஆண்டு வந்துவிட்டால் ‘ஹேவ்’ கூடாது. எந்த வினையைப் போட்டாலும், ‘இன் 2015’ இருந்தால் எளிய இறந்தகாலம்தான்.

பிரிக்கலாமா, கூடாதா

ஃப்ரேசல் வெர்ப் கற்பிக்கும்போது பாதி நேரம் இந்தக் கேள்விக்கே போகும். ‘பாஸ் அவுட்’டில் விடை பொருளைப் பொறுத்தது. பகிர்ந்து கொடுக்கும் பொருளில் மட்டும் செயப்படுபொருள் உண்டு, எனவே பிரிக்கலாம்: ‘பாஸ் அவுட் த பேப்பர்ஸ்’ சரி, ‘பாஸ் த பேப்பர்ஸ் அவுட்’ சரி. ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் கட்டாயம் நடுவில்தான் வர வேண்டும்: ‘பாஸ் தெம் அவுட்’. ‘பாஸ் அவுட் தெம்’ என்பது எந்த ஊர் ஆங்கிலத்திலும் ஒலிக்காது.

மயங்குவதற்கும் பயிற்சி முடிப்பதற்கும் செயப்படுபொருள் கிடையாது. அதனால்தான் ‘ஐ பாஸ்ட் அவுட் மை பிஇ இன் 2015’ என்று எழுதினால் அங்கே உள்ளவர், பிஇ-யை யாருக்கோ பகிர்ந்து கொடுத்ததாகத்தான் படிக்க முடியும். செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிப் பொருள் தெளிந்துவிடும். தமிழிலும் இதற்கு இணை உண்டு. ‘கண்ணை மூடினார்’ என்றால் இமை மூடியது. ‘கண்மூடினார்’ என்றால் காலமானார். இடையில் ஒரு ‘ஐ’ உருபுதான் வேறுபாடு.

காதுக்கு எப்படி வரும்

‘பாஸ்ட்’ என்பதன் கடைசி மெய்யோடு ‘அவுட்’டின் உயிர் ஒட்டிக்கொண்டு ‘பாஸ்டவுட்’ என ஒரே மூச்சில் வரும். நாம் ‘பாஸ்டு’ என்று ஓர் உகரம் சேர்த்து, நிறுத்தி, பிறகு ‘அவுட்’ என்போம். நாடு + எங்கும் = நாடெங்கும் என்று சேர்க்கத் தெரிந்த நாக்குக்கு இது கடினமே இல்லை; அங்கே உகரம் எப்படிக் கழன்றுகொள்கிறதோ அப்படியே இங்கும் கழற்றினால் போதும். அமெரிக்கர் வாயில் அது ‘பேஸ்டவுட்’ போலக் கேட்கும். முதல்முறை கேட்பவருக்கு ‘பாஸ்’ என்றே பிடிபடாது.

அழுத்தமும் முக்கியம். வினையாக வரும்போது ‘அவுட்’டில் அழுத்தம் கூடும். பெயராக வரும் சொற்களில் அழுத்தம் முன்னால் போகும்: ‘டிராப்அவுட்’, ‘ஹேண்ட்அவுட்’ இரண்டிலும் முதல் பகுதியைத்தான் அழுத்த வேண்டும். நாம் ‘2015 பாஸவுட்’ என்று பெயராக ஆக்கியபோது அழுத்தத்தையும் முன்னால் தள்ளினோம். ஆங்கிலத்தின் விதிக்கு அது முழுதும் பொருந்துகிறது. ஆனால் அந்தப் பெயர்ச்சொல் இந்தியாவுக்கு வெளியே புழக்கத்தில் இல்லை.

தன்விவரத்தில் என்ன எழுதுவது

வெளிநாட்டுக்கு அனுப்பும் தன்விவரத்தில் ‘பாஸ் அவுட்’ வரும் இடமெல்லாம் மாற்றுங்கள். மாற்றும்போது வேறு குழியில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி விழும் குழி ‘ஐ கம்ப்ளீட்டட் மை கிராஜுவேஷன் இன் 2015’. அங்கே ‘கிராஜுவேஷன்’ என்றால் பட்டம் பெறும் நிகழ்வு அல்லது விழா. அதை முடிப்பது என்ற பேச்சு கிடையாது. நேராக ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2015’ என்று எழுதலாம். படிப்பையும் சேர்ப்பதென்றால் ‘ஐ கிராஜுவேட்டட் வித் எ டிகிரி இன் சிவில் எஞ்சினியரிங் இன் 2015’. கல்லூரிப் பெயருக்கு முன் ‘ஃப்ரம்’ வேண்டும். ‘கிராஜுவேட்டட் காலேஜ்’ என்று ‘ஃப்ரம்’ இல்லாமல் அமெரிக்கப் பேச்சில் கேட்கலாம், ஆனால் எழுத்தில் அதைக் குறையாகப் பார்ப்பவர்கள் அங்கேயே நிறைய. ‘ஐ காட் மை டிகிரி இன் 2015’ பேச்சுக்கு மிக இயல்பு.

பள்ளிப் படிப்புக்கு நாடு பார்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ‘கிராஜுவேட்டட் ஃப்ரம் ஹை ஸ்கூல்’. பிரிட்டனில் ‘ஃபினிஷ்ட் ஸ்கூல்’ அல்லது ‘லெஃப்ட் ஸ்கூல்’. ‘லெஃப்ட் ஸ்கூல்’ என்றதும் ‘ஸ்கூலை விட்டுட்டான்’ என்று நம் காதில் கெட்டதாக விழும். அங்கே அப்படி இல்லை, படிப்பை முறையாக முடித்தவரையும் ‘ஸ்கூல் லீவர்’ என்றுதான் சொல்வார்கள். டிப்ளமோ, ஐடிஐ படித்தவர்கள் ‘கம்ப்ளீட்டட்’ போட்டால் எந்த நாட்டிலும் சரியாகப் போய்ச் சேரும்.

‘ஃப்ரெஷர், 2024 பாஸவுட்’ என்று தொடங்கும் தன்விவரம் பிரிட்டனில் இரண்டு முறை இடறும். அங்கே ‘ஃப்ரெஷர்’ என்றால் பல்கலைக்கழகத்தில் இப்போதுதான் சேர்ந்த முதலாண்டு மாணவர். படிப்பை முடித்து வேலை தேடுபவரை ‘ரீசன்ட் கிராஜுவேட்’ என்பார்கள்.

‘இயர் ஆஃப் பாஸிங்’ பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ‘பாஸிங்’ தனியாக வந்தால், இறப்பை மென்மையாகச் சொல்லும் சொல். ‘ஹிஸ் பாஸிங்’ என்றால் அவருடைய மறைவு. நம் மதிப்பெண் பட்டியலில் அச்சாகியிருப்பதை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது; பிரதி எடுக்கும்போது அப்படியே வைக்க வேண்டும். ஆனால் நாமே தயாரிக்கும் தன்விவரத்தில் அந்தத் தலைப்பை எடுத்துவிட்டு ‘இயர் ஆஃப் கிராஜுவேஷன்’ அல்லது ‘டேட் அவார்டட்’ என்று போடலாம்.

இந்த இரண்டும் ஒன்றில்லை என்பது அடுத்த விஷயம். படிப்புக் காலம் முடிந்த ஆண்டு, கடைசித் தாளையும் தேறிய ஆண்டு, பட்டச் சான்றிதழில் உள்ள நாள் என மூன்று தேதி நம்மிடம் இருக்கும். 2011இல் சேர்ந்து 2015இல் நான்காம் ஆண்டை முடித்தவருக்கு இரண்டு அரியர் இருந்து, அவற்றை 2016இல் எழுதித் தேறினால், அவருடைய ‘இயர் ஆஃப் பாஸிங்’ 2016. பட்டமளிப்பு விழா அதற்கும் பின்னால் நடக்கலாம். ‘நான் 2015 பாஸ் அவுட், ரெண்டு அரியர் இருக்கு’ என்று நம் ஊரில் சொன்னால் புரிந்துவிடுகிறது. ‘கிராஜுவேட்டட் இன் 2015’ என்று மாற்றி எழுதிவிட்டால், சான்றிதழ் சரிபார்ப்பவர் கண்ணில் அது பொய்த் தகவல். ‘பாஸ் அவுட்’டை எடுத்துவிட்டு ‘கிராஜுவேட்டட்’டை வைக்கும் முன் கையில் இருக்கும் பட்டச் சான்றிதழை எடுத்துத் தேதியைப் பாருங்கள். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் மற்ற எல்லாத் திருத்தமும் வீண்.

‘பேட்ச்’ என்பதும் இதே வகை. எம்பிபிஎஸ் படித்தவர் ‘2010 பேட்ச்’ என்றால் 2010இல் சேர்ந்தவர். பொறியியலில் ‘2014 பேட்ச்’ என்றால் பெரும்பாலும் முடித்த ஆண்டு. அமெரிக்காவில் ‘கிளாஸ் ஆஃப் 2014’ என்பது எப்போதும் முடித்த ஆண்டையே குறிக்கும். எனவே மருத்துவர்கள் ‘பேட்ச்’ ஆண்டை அப்படியே ‘கிளாஸ் ஆஃப்’ ஆக்கக் கூடாது.

உண்மையிலேயே மயங்கினால்

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பட்டம் வாங்கியதற்கு ‘பாஸ் அவுட்’டைச் செலவழித்துவிட்டதால், அது வேண்டிய இடத்தில் நமக்கு வருவதில்லை. ‘மயக்கம்’ என்ற தமிழ்ச் சொல் இரண்டு நிலையைச் சுமக்கிறது. ‘மயக்கமா வருது’ என்றால் நினைவு இருக்கிறது, தள்ளாட்டம் தெரிகிறது. அதற்கு ‘ஐ ஃபீல் ஃபெய்ன்ட்’ அல்லது ‘ஐ ஃபீல் லைட்ஹெடட்’. ‘மயக்கம் போட்டு விழுந்துட்டார்’ என்றால் நினைவு போய்விட்டது. அதற்குத்தான் ‘ஹி பாஸ்ட் அவுட்’. ‘தலை சுத்துது’ என்பதில் அறையே சுற்றுவது போலிருந்தால் ‘த ரூம் இஸ் ஸ்பின்னிங்’ என்று விளக்குவது நல்லது. மருத்துவர் முதலில் பிரித்தறிய விரும்புவது இந்த மூன்றையும்தான். எல்லாவற்றுக்கும் ‘கிடினஸ்’ என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பிடி கிடைக்காது.

‘பிளாக் அவுட்’ இன்னும் வழுக்கும் சொல். நினைவு தப்புவதற்கும் அதைச் சொல்வார்கள். குடித்தவர் விழித்திருந்து நடமாடியும் மறுநாள் எதுவும் நினைவில் இல்லாமல் போவதற்கும் அதைச் சொல்வார்கள். தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் ‘பாஸ்ட் அவுட்’ பாதுகாப்பானது. அதிலிருந்து மீண்டதற்கு ‘கேம் டு’. பிரிட்டனில் ‘கேம் ரவுண்ட்’ என்பதும் மிகச் சாதாரணம்.

அவசர எண்ணில் பேசும்போது, இருக்கும் இடத்தோடு இந்த மூன்று தகவலும் முக்கியம்: எவ்வளவு நேரம், மூச்சு இருக்கிறதா, தலையில் அடிபட்டதா. ‘மை ஃபாதர் பாஸ்ட் அவுட் டூ மினிட்ஸ் அகோ. ஹி இஸ் பிரீதிங் பட் ஹி வோன்ட் வேக் அப். ஹி ஹிட் ஹிஸ் ஹெட்.’ மயங்கியவர் ஒரு நிமிடத்துக்குள் எழாவிட்டால் 999ஐ அழைக்கும்படி பிரிட்டனின் பொதுச் சுகாதார அறிவுரை சொல்கிறது. பதற்றத்தில் ‘பாஸ்ட் அவுட்’டுக்குப் பதில் ‘பாஸ்ட் அவே’ என்று வாய் தவறினால் இறந்துவிட்டார் என்றாகிவிடும். ஒரு சின்னச் சொல் மாறியதில் அழைப்பின் பொருளே மாறுகிறது. வெளிநாட்டில் பெற்றோரோடு வசிப்பவர்கள் அந்த மூன்று வாக்கியத்தையும் வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்து வைப்பது நல்லது.

மருத்துவர் மறுபடி அதே கேள்வியைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மயங்கியதே இல்லை என்றால் ‘நோ, நெவர்’. பள்ளியில் காலை பிரேயரில் வெயிலில் நின்று ஒருமுறை விழுந்ததுண்டு என்றால், சொல்ல வேண்டியது இது: ‘ஒன்ஸ், அட் ஸ்கூல். வி வேர் ஸ்டாண்டிங் இன் த சன் அண்ட் ஐ ஹேட்ன்ட் ஈட்டன். ஐ கேம் ரவுண்ட் இன் லெஸ் தேன் எ மினிட்.’